இடது கை எனக்கு, வலது கை அவளுக்கு

அந்த வீடியோ கேம் மெஷினைச் செய்தவன் எவனாக இருந்தாலும், அவனுக்கு இரண்டு கட்டைவிரலும் ஒழுங்காக இருந்திருக்கின்றன. நடுவில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு திரை. இடது பக்கம் ஆளை நகர்த்துவதற்குக் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன். வலது பக்கம் தாவுவதற்கு ஒன்று, எறிவதற்கு ஒன்று என்று வட்டமாக நான்கு பட்டன்கள். இரண்டு கையும் வேண்டும். அது என் வீட்டுக்கு வந்த சமயத்தில் எனக்கு இருந்தது ஒரு கைதான்.

வலது கட்டைவிரல் ஆறு மாதமாகவே மக்கர் செய்துகொண்டிருந்தது. மடக்கினால் மடங்கியபடியே நிற்கும். இடது கையால் பிடித்து இழுத்தால்தான் 'டக்' என்று நிமிரும். கடைசியில் டாக்டர் சின்னதாகக் கீறி, தையல் போட்டு, பெரிதாகக் கட்டுக் கட்டி, ஆறு வாரத்துக்கு இந்த விரலால் எதையும் பிடிக்கவோ அழுத்தவோ கூடாது என்று சொல்லிவிட்டார். ஆறு வாரம் என்பதை அவர் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்கிற மாதிரி சொன்னார். தறியில் பாதிச் சேலை நிற்கிறது என்றேன். "நிக்கட்டும்" என்றார்.

எப்படி நிற்கும்? அது கல்யாணச் சேலை. அரக்கு நிற உடல், பச்சைக் கரை, உடலெங்கும் புட்டா, ஜரிகையில் சின்னச் சின்ன மயில்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்பதால் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒன்றையே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு எறிய முடியாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. உடல் நூலும் கரை நூலும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். கோர்வை என்பது இதுதான். இதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் தறிக் குழியில் உட்கார்ந்து மிதித்து, உடலையும் இடது கரையையும் பார்த்துக்கொள்வேன். என் மனைவி வலது ஓரத்தில் மணை போட்டு உட்கார்ந்து வலது கரைக்கு நாடா போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து, பதினெட்டு வருஷமாக, அப்படித்தான்.

பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி வந்து என் கையைப் பார்த்தார். பிறகு தறியைப் பார்த்தார். தறியைத்தான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"உன் வெரலுக்காக முகூர்த்தம் நிக்குமாப்பா? அமாவாசை வரைக்கும் பார்ப்போம். மறுநாள் ஒரு ஆளை அனுப்பறேன். உன் தறியிலயே உக்காந்து முடிச்சுட்டுப் போவட்டும்."

அமாவாசையன்று எப்படியும் எங்கள் தெருவில் தறி ஓடாது. அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. என் வீட்டில், என் குழியில், என் பாவு நூலில் வேறு ஒருத்தன் உட்காருவதா? தவிர ஆள் மாறினால் அடி மாறும். நூலை நெருக்க அச்சை இழுத்து அடிக்கும் பலம் ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு மாதிரி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கை மாறின இடத்தில் ஒரு கோடு தெரியும். எவளோ ஒரு பெண் கல்யாணத்தன்று என் கோட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முதலாளி தெரு முனையைத் தாண்டுவதற்குள் மனைவி சொன்னாள்.

"வேற ஆளு எதுக்குங்க? நான் குழியில உக்கார்றேன். நீங்க இந்தப் பக்கம் உக்காந்து எடது கையால கரை போடுங்க. உங்க அடி எனக்குத் தெரியாதா?"

"அடி தெரியறது வேற, அடிக்கறது வேற" என்றேன்.

அவள் மேலே பேசவில்லை. உள்ளே பாத்திரங்கள் பேசின. நான் சொன்னது நியாயம் என்றுதான் அப்போது நினைத்தேன். பிள்ளையார்பாளையத்தில் பெண்கள் தறியில் உட்காருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டியவள் குழியில் உட்கார, கட்டியவன் ஓரத்தில் மணை போட்டுக் கரை போடுகிற வீட்டை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

இந்த லட்சணத்தில்தான் என் மச்சான், அவளுடைய தம்பி, அந்த மெஷினோடு வந்தான். ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான்.

"சும்மா உக்காந்துக்கினு அக்காவைத் திட்டிக்கினு இருக்காதீங்க மாமா. இத ஆடுங்க. எமுலேட்டர். பழைய டிவி கேம் பொட்டி எல்லாம் இதுக்குள்ள இருக்குது. நிஜப் பொட்டி இல்ல, பொட்டி மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர். நீங்க சின்ன வயசுல ஆடினது எல்லாம் இருக்கும்."

"எந்தக் கையால ஆடறது?" என்று கட்டைக் காட்டினேன்.

பையன் அப்போதுதான் அதை யோசித்தான். அதற்காக அவன் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.

அட்டைப் பெட்டியில் பத்தாயிரம் கேம் என்று போட்டிருந்தது. திறந்தால் எல்லாம் சீன எழுத்து. மொழியை மாற்றுகிற இடம் எங்கே இருக்கிறது என்பதையும் சீனத்திலேயே எழுதி வைத்திருந்த புத்திசாலியை நினைத்து நினைத்து ஒரு பகல் முழுக்க வயிறெரிந்தேன். மச்சான் போனில் சொல்லச் சொல்ல, மேலிருந்து ஆறாவது வரி, அதற்குள் மூன்றாவது வரி என்று எண்ணி எண்ணி ஒருவழியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தேன். பத்தாயிரம் என்றார்களே, அதில் ஒரே கேம் பதினோரு தடவை இருந்தது. பெயரில் ஒரு எழுத்து மாறும், உள்ளே போனால் அதே கார், அதே ரோடு. சிலது திறந்ததும் கறுப்புத் திரை காட்டிவிட்டு அப்படியே செத்துக் கிடக்கும். "கோர் மாத்துங்க மாமா" என்பான் மச்சான். கோர் என்றால் என்ன என்று கேட்டால், "அது ஒண்ணும் இல்ல, மாத்துங்க" என்பான்.

தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் மூன்றாம் நாள் மத்தியானம் பட்டியலின் அடி ஆழத்தில் தீவட்டிக்காரன் கிடைத்துவிட்டான்.

அந்தக் கேமின் பெயர் எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தலைப்பு ஜப்பான் எழுத்தில் இருக்கும். கையில் தீவட்டியோடு ஒரு குள்ள ஆள் ஒரு கோட்டைக்குள் ஓடுவான். வௌவால் வந்தால் தீவட்டியை எறிய வேண்டும், பள்ளம் வந்தால் தாவ வேண்டும். நான் ஏழாவது படிக்கும்போது அடுத்த தெருவில் ஒரு வீட்டில் டிவியும் கேம் பெட்டியும் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். நானும் போவேன். நான்காவது கட்டத்தில் ஒரு மரப்பாலம் வரும். கால் வைத்த பலகை அடுத்த நொடி கீழே விழும். அடியில் நெருப்பு. ஓடிக்கொண்டே தாவ வேண்டும், தாவிக்கொண்டே எறிய வேண்டும். ஒரு தடவை கூட நான் அந்தப் பாலத்தைத் தாண்டியதில்லை. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் ஒருவரும் என் பள்ளிக்கூடத்தில் இல்லை. தாண்டினேன் என்று சொன்னவர்கள் உண்டு, கேட்டால் ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள்.

எமுலேட்டர் நன்றாகத்தான் நடித்தது. பழைய பெட்டியில் நாலு வௌவால் ஒன்றாக வந்தால் படம் நடுங்கும், ஆள் சேற்றில் ஓடுகிற மாதிரி ஓடுவான். இதிலும் நடுங்கினது, இதிலும் சேற்றில் ஓடினான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நடிக்கிறது என்றால் குறையையும் சேர்த்தா நடிக்க வேண்டும்?

ஒரு கையால் ஆடும் வழியைத் தேடினேன். மெஷினை மடியில் வைத்து இடது கட்டைவிரலால் நகர்த்தி, அதே விரலைத் தூக்கி வலது பக்கம் கொண்டுபோய்த் தாவ வேண்டும் என்றால், விரல் போய்ச் சேருவதற்குள் ஆள் பள்ளத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவான். எந்தப் பட்டனை எந்த வேலைக்கும் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று மச்சான் சொன்னான். தாவுவதை இடது மேல் விளிம்புப் பட்டனுக்கு மாற்றினேன். மாற்றும்போது எதையோ கூடுதலாக மாற்றிவிட்டேன் போலிருக்கிறது, 'சரி' சொல்வதற்கு எந்தப் பட்டனும் மிச்சமில்லை. மெனுவுக்குள் மாட்டிக்கொண்டேன். அணைத்துப் போட்டாலும் அதே கதி. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, "இனிமே செட்டிங்ஸ் பக்கமே போவாதீங்க மாமா" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

அவன் போனதும் மனைவி வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தாள்.

"குடுங்க. அந்தப் பக்கத்து பட்டனை நான் அமுக்கறேன். எதை எப்ப அமுக்கணும்னு சொல்லுங்க."

அவள் கேமுக்காக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். நாள் முழுக்க நான் எரிந்து விழுவதைக் கேட்டுக் காது புளித்துப்போய் வந்தாள். மெஷினை இருவருக்கும் நடுவே பிடித்தோம். இடது பாதி என் இடது கையில், வலது பாதி அவள் வலது கையில். நான் நகர்த்துவேன், அவள் தாவுவாள், எறிவாள். பதினெட்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே துணியை நெய்கிறவர்கள், ஒரு குள்ளனை ஓட்ட முடியாதா என்று எனக்குத் துளி சந்தேகம் கூட வரவில்லை.

முதல் கட்டத்தின் முதல் பள்ளத்தில் விழுந்தோம். மறுபடி விழுந்தோம். அன்று சாயங்காலம் வரை அந்த ஒரு பள்ளத்தைத் தாண்டவில்லை.

"தாவு!"

"தாவினேனே."

"அவன் விழுந்தப்புறம் தாவினா எப்படி?"

"நீங்க சொன்னப்புறம்தான தாவ முடியும்?"

"நான் சொல்றதுக்கு முன்னாடி தாவு."

"அப்ப நீங்க எதுக்கு சொல்றீங்க?"

இப்படியே நான்கு நாள் போயிற்று. ஒரு தடவை பள்ளம் வருவதற்கு முன்பே தாவுவாள், ஒரு தடவை வந்து போன பிறகு தாவுவாள். வௌவால் இல்லாத இடத்தில் தீவட்டியை எறிந்துவிட்டு, வந்த இடத்தில் சும்மா நிற்பாள். திரைக்குக் கீழே செலக்ட், ஸ்டார்ட் என்று இருந்த இரண்டு குட்டிப் பட்டனையும் சேர்த்து அமுக்கினால் கேமே மூடிக்கொள்ளும் என்று எந்த மகானோ ஏற்பாடு செய்திருந்தான். எங்கள் இரண்டு பேரின் விரலும் நடுவில் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் அது நடந்தது. தறியில் இவள் ஒரு நாள், ஒரு தடவை, தாமதித்ததில்லை. நான் மிதித்து நாடாவை விடுவதற்கும் அவள் நாடா வந்து சேருவதற்கும் நடுவே நூல் நுழைய இடம் இருக்காது. அந்தக் கை எங்கே போயிற்று என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது. அதை அவளிடமே கேட்டேன். நல்ல வார்த்தையில் கேட்கவில்லை.

இருந்தாலும் மெல்ல மெல்ல முன்னேறினோம். அதற்குக் காரணம் எங்கள் சாமர்த்தியம் இல்லை, சேவ் வசதிதான். எமுலேட்டரில் எந்த நொடியையும் அப்படியே சேவ் செய்து வைக்கலாம். செத்தால் அந்த நொடிக்கே திரும்பி வரலாம். செலக்ட்டோடு இடது மேல் விளிம்பில் முன் பட்டனை அமுக்கினால் சேவ், பின் பட்டனை அமுக்கினால் லோடு. இரண்டும் என் பக்கம்தான் இருந்தன. ஒவ்வொரு பள்ளமாகத் தாண்டித் தாண்டிச் சேவ் செய்து, மெஷின் வந்த எட்டாம் நாள் பாலத்தின் முனையில் போய் நின்றோம். கால் வைத்தோம், பலகை விழுந்தது, தாமதமாகத் தாவினாள், விழுந்தான். ஆத்திரத்தில் லோடுக்குப் பதில் சேவ் பட்டனை அமுக்கிவிட்டேன்.

விழுந்துகொண்டிருக்கிற நொடி சேவ் ஆகிவிட்டது. லோடு செய்தால் நெருப்புக்கு மேலே அந்தரத்தில் ஆள். அரை நொடியில் சாவான். மறுபடி லோடு, மறுபடி அந்தரம், மறுபடி சாவு. எட்டு நாள் உழைப்பும் அந்த அரை நொடிக்குள் மாட்டிக்கொண்டது.

"உன்னாலதான்!" என்று கத்தினேன். அமுக்கினது என் விரல். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் மெஷினை விட்டுவிட்டு எழுந்து போய், நாடாவுக்குள் வைக்கும் தார்க் குச்சியில் நூல் சுற்ற உட்கார்ந்துவிட்டாள். ஓடாத தறிக்கு எதற்குத் தார் என்று கேட்கலாம் என்று இருந்தது. நல்லவேளை கேட்கவில்லை.

இரண்டு நாள் அவள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் நான்தான் போய்க் கூப்பிட்டேன். வேறு வழி? அமாவாசைக்கு ஒரு நாள்தான் இருந்தது. அதற்கு மறுநாள் எவனோ வந்து என் குழியில் இறங்குவான். அதை உட்கார்ந்து பார்க்கப் போகிறவன், இந்தப் பாலத்தையாவது தாண்டலாம் என்று ஒரு வெறி. முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை வழி மனப்பாடம் ஆகியிருந்ததால் பொழுது சாய்வதற்குள் பாலத்து முனைக்கு வந்துவிட்டோம். நிதானமாக, எழுத்துக்கூட்டிப் படிப்பவன் மாதிரி பட்டனைப் பார்த்து ஒழுங்காகச் சேவ் செய்தேன்.

மறுநாள் அமாவாசை. தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. என் கத்தல் எனக்கே நாராசமாகக் கேட்டது. ஐம்பது தடவை விழுந்திருப்போம். ஒரு தடவை விழும்போது எதற்கோ திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை.

"எங்க பார்த்துக்கினு இருக்கற?"

"உங்க கையை."

"என் கையில இன்னா இருக்குது? பள்ளம் தெரையிலதான இருக்குது!"

"கையைப் பார்த்துதான எனக்குப் பழக்கம்?" என்றாள். "தறியில உங்க தோள் அசையும், முட்டி மடங்கும், நாடா போடுவேன். இதுல உங்க கட்டைவெரல் அசையுது, தாவுறேன். வெரல் அசையறதும் அவன் விழறதும் ஒண்ணா இருக்குது, நான் இன்னா பண்ண?"

இத்தனை நாளும் திரையை ஒரு தடவை கூடப் பார்க்காமல் ஆடியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. கோபத்துக்குள் வேறு என்னவோ இருந்தது, அதை அப்போது பார்க்க விருப்பமில்லை.

"சரி, நீ தெரையைப் பாரு. நீயே முடிவு பண்ணித் தாவு" என்றேன்.

"அப்ப நீங்க?"

"நான் உன் கட்டைவெரலைப் பார்க்கறேன்."

நான் யோசித்துச் சொன்னதில்லை. இரண்டு பேரும் திரையைப் பார்த்தால் இரண்டு பேரும் முடிவு செய்வார்கள், அந்தச் சண்டையைத்தான் முதல் நாளே பார்த்துவிட்டோமே. லோடு செய்தேன். அவள் விரலைப் பார்த்தேன். பட்டனின் மேல் அது படுத்திருந்தது. மஞ்சள் ஏறின நகம், நாடா பட்டுப் பட்டுக் காய்ந்துபோன பக்கம். அது லேசாக எழும், நான் முன்னால் தள்ளுவேன். அது அழுந்தி நிற்கும், நான் விடாமல் தள்ளுவேன். இரண்டு தடவை விழுந்தோம். "விடாதீங்க, அமுக்கிக்கினே இருங்க" என்றாள். மூன்றாவது தடவை விரல் எழுந்தது, விழுந்தது, எழுந்தது, பக்கத்துப் பட்டனுக்குத் தாவி வந்தது, நானும் பின்னாலேயே போனேன். என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. பிறகு விரல் நின்றுவிட்டது.

"அவ்ளோதான். வந்துட்டோம்" என்றாள்.

"எங்க வந்துட்டோம்?"

"பாலம் முடிஞ்சிட்ச்சுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். குள்ளன் ஒரு கல் வாசலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பின்னால் பாலம் இல்லை, எல்லாப் பலகையும் போய்விட்டது. ஏழாவது வகுப்பிலிருந்து நான் பார்க்கக் காத்திருந்த அந்த ஓட்டத்தை, என் கையாலேயே ஓட்டிவிட்டு, நான் பார்க்கவில்லை.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்ததுங்க. கடைசிப் பலகையில ஒத்தக் கால்ல நின்னான்."

அதைக் கேட்டதும் எனக்குத் துக்கமே வந்துவிட்டது. லோடு செய்து மறுபடி பார்க்கலாம் என்றாள். மறுபடி ஆடினாலும் நான் விரலைத்தானே பார்க்க வேண்டும்? வேண்டாம் என்றேன். மெஷினை அணைத்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, "நாளைக்குக் காலையில நீ குழியில உக்காரு" என்றேன். எழுந்து போய்த் தறி மேல் போட்டிருந்த துணியை உதறி மடித்தாள்.

காலையில் முதலாளி அனுப்பின ஆள் சாப்பாட்டுப் பையோடு வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும், பதவிசான மனிதர்.

"வேணாம்பா. ஆள் உக்காந்துட்டாங்க" என்றேன்.

"யாருண்ணே?"

எட்டிப் பார்த்தார். என் மனைவி குழியில் இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மிதியைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க?"

"நான் கரை போடறேன்."

இரண்டு வாரமாக எந்தப் பார்வைக்குப் பயந்தேனோ அந்தப் பார்வையை அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார். முதலாளியிடம் மட்டுமா சொல்வார், போகிற வழியெல்லாம் சொல்வார். போகட்டும் என்று மணையில் உட்கார்ந்தேன்.

அந்த இடம் உட்காருவதற்கு லாயக்கில்லாத இடம். காலை நீட்ட முடியாது, மடக்கினால் தறிக்கால் முட்டியில் இடிக்கும். காற்றாடிக் காற்று அதுவரை வருவதில்லை. இதை இவள் ஒரு நாள் கூட என்னிடம் சொன்னதில்லை. அங்கிருந்து தெரிவது வலது கரையும், குழியில் இருப்பவரின் முழங்கையும்தான். மீதித் துணியை அந்த முழங்கை மறைத்துவிடும்.

முதல் ஒரு மணி நேரம் நான்தான் கெடுத்தேன். கழுத்தை நீட்டித் துணியை எட்டிப் பார்த்து, "இழுத்து அடி, இன்னும் இழுத்து" என்று கத்திக்கொண்டே என் நாடாவை விட்டுவிடுவேன். இடது கையும் பழகவில்லை. அவள் நிறுத்தினாள். "துணியை நான் பார்த்துக்கறேங்க. நீங்க கையைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். அதன் பிறகு ஓடினது. கொஞ்சம் நெய்ததும் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். ஒரு மெல்லிய கோடு இருந்தது. இத்தனை நாள் தறி நின்ற இடம் அது, நானே உட்கார்ந்திருந்தாலும் விழுந்திருக்கும். அதற்கு மேல் அடி என் அடி மாதிரியேதான் இருந்தது. எனக்கு அதிலும் கொஞ்சம் எரிச்சல்.

மத்தியானம் வாக்கில் திடீரென்று அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். நான் கையையே பார்த்துக்கொண்டு நாடாவோடு காத்திருந்தேன். கை அசையவில்லை. நூல் அறுந்ததா, புட்டா போடும் அட்டை மாட்டிக்கொண்டதா, வாயைத் திறக்கப் போனேன். அவள் துணி மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உடலில் ஒரு புட்டா பாதி ஏறியிருந்தது. மயிலின் காலும் வயிறும் வந்துவிட்டன, கழுத்து அப்போதுதான் ஜரிகையில் ஒரு வரி, இரண்டு வரி என்று தொடங்கியிருந்தது.

"இப்படியாங்க ஏறி வரும் இது?" என்றாள்.

முடிந்த சேலையை மடிக்கும்போது ஆயிரம் மயிலைப் பார்த்திருக்கிறாள். நெய்த அத்தனை மயிலுக்கும் கரை போட்டிருக்கிறாள். ஒரு மயில் காலிலிருந்து கழுத்து வரைக்கும் வரி வரியாக எழுந்து வருவதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அதை மறைத்துக்கொண்டிருந்தது என் முழங்கை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கொண்டை வரும் வரைக்கும் அவள் ஒவ்வொரு வரிக்கும் நின்று நின்று பார்த்துத்தான் அடித்தாள். வேலை ரொம்ப மெதுவாகப் போயிற்று. நான் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.